உரியாவின் சங்கதி ஒன்று தவிர

பெயர்பெற்ற பிரசங்கியார் ஒருவரைப் பற்றிக் கெட்ட செய்தி வெளியானால், சேலத்தில் எந்தச் சபையின் வாட்ஸ்அப் குழுவிலும் மூன்று விதமான பதில்கள் வந்துவிடும். "தாவீதே விழவில்லையா? மன்னிப்போம், ஜெபிப்போம்" என்பது முதலாவது. "அபிஷேகம் பெற்றவரைத் தொடாதீர்கள்" என்பது இரண்டாவது. "எனக்கு அப்போதே தெரியும், எல்லாம் வேஷம்" என்பது மூன்றாவது. பிறகு யாராவது ரோஜாப்பூப் படத்துடன் காலை வணக்கம் அனுப்பிப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இந்தப் பதில்கள் எவையும் கைபேசிக் காலத்தில் பிறந்தவை அல்ல. கடவுளுக்குப் பயந்து வாழ்ந்த ஒருவர் பெரிய தீங்கு செய்திருக்கிறார் என்று தெரிய வந்தால் அவரை எப்படிப் புரிந்துகொள்வது என்பது கிறிஸ்தவ எழுத்தாளர்களிடையே மிகப் பழைய வாதம். அதை முதன்முதலாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் பெயர்களுக்கு விளக்கம் சேர்த்திருக்கிறேன். சபையார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒருவர் விழுந்தார் என்றதும் நம் மனதில் எழுவது ஒரே கேள்வி போலத் தோன்றும். பிரித்துப் பார்த்தால் மூன்று. அவருக்கும் கடவுளுக்கும் இடையிலான உறவு என்ன ஆயிற்று? அவர் செய்த ஊழியம், அதாவது அவர் கொடுத்த ஞானஸ்நானமும் சொன்ன போதனையும் எழுதிய நூலும், இனி செல்லுமா? அவர் அந்தப் பொறுப்பில் நீடிக்கலாமா? முதல் கேள்விக்குச் சொல்ல வேண்டிய பதிலை எடுத்து மூன்றாவது கேள்விக்குப் பொருத்திவிடுகிறோம். குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. நான்காவதாக இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பழைய எழுத்தாளர்கள் அதை அதிகம் கேட்டதில்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதல் கேள்வியில் சபைகளுக்குள் சில வேறுபாடுகள் உண்டு, ஆனால் அடிப்படை ஒன்றே. பக்திமான் என்றால் பாவமே இல்லாதவர் என்று பொருளல்ல. விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான் என்றார் மார்ட்டின் லூத்தர். கத்தோலிக்கத் திருச்சபை ஒருவரைப் புனிதராக அறிவிக்கும்போதும் அவர் வாழ்நாளில் தவறே செய்யவில்லை என்று சான்றிதழ் கொடுப்பதில்லை. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி மட்டும், தெரிந்தே செய்யும் பாவத்திலிருந்து இந்த வாழ்விலேயே விடுபட முடியும் என்று அழுத்திச் சொன்னார். அதை மற்றவர்கள் ஏற்றார்களா என்பது தனிக் கதை. எப்படியானாலும், "விழுந்தார், ஆகவே அவருடைய பக்தி முழுவதும் பொய்" என்ற மூன்றாவது வாட்ஸ்அப் பதிலுக்குக் கிறிஸ்தவ மரபில் ஆதரவு குறைவு. பல நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தானாகவே உண்மையாகிவிடாது.

தாவீதின் கதையை இரண்டு விதமாக எழுதிய வேதாகமம்

இந்த வாதத்தில் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் தாவீது அரசர். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், இஸ்ரவேலின் அரியணைக்கு வந்தவர். சங்கீதங்களில் பலவற்றின் தலைப்பில் அவர் பெயர் இருக்கிறது. கடவுளுடைய "இருதயத்திற்கு ஏற்ற" மனிதர் என்று அவரைப் பற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வார்த்தை அவர் அரசராவதற்கு முன்பே, முதல் அரசர் சவுலுக்குப் பதிலாக ஒருவரைத் தேடும்போது சொல்லப்பட்டது. பின்னாளில் புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் பவுல் அதைத் திரும்பச் சொல்லும்போதும் அந்தப் பழைய வார்த்தையைத்தான் எடுத்துக்காட்டுகிறார். விழுந்த பிறகு கிடைத்த பாராட்டுப் பத்திரமாக அதைப் பலர் பயன்படுத்துவதால் இதைச் சொல்கிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படை ரப்பா நகரத்தை முற்றுகையிட்டிருந்தபோது அரசர் எருசலேமில் தங்கிவிட்டார். மாலையில் அரண்மனை மாடியில் உலாவும்போது குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்டார். விசாரித்தபோது, போர்முனையில் இருக்கும் உரியாவின் மனைவி பத்சேபாள் என்று தெரிந்தது. தெரிந்தும் ஆள் அனுப்பி வரவழைத்தார். அவள் கருவுற்றதும், பழியை மறைக்க உரியாவை ஊருக்கு அழைத்து வீட்டுக்குப் போகச் சொன்னார். சக வீரர்கள் வெட்டவெளியில் கிடக்கும்போது நான் மட்டும் வீட்டுக்குப் போவதா என்று உரியா மறுத்துவிட்டான். பிறகு, மும்முரமான சண்டை நடக்கும் இடத்தில் அவனை நிறுத்திவிட்டுப் பின்வாங்கும்படி தளபதி யோவாபுக்குக் கடிதம் எழுதி, அதை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினார். உரியா இறந்தான்.

இது 2 சாமுவேல் 11ஆம் அதிகாரம். அடுத்த அதிகாரத்தில் நாத்தான் தீர்க்கதரிசி அரசரிடம் வந்து, ஏராளமான ஆடுமாடுகள் உள்ள பணக்காரன் ஒருவன் விருந்தாளிக்குச் சமைக்க ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்ட கதையைச் சொல்கிறார். அவன் சாக வேண்டியவன் என்று தாவீது கொதிக்கிறார். "நீயே அந்த மனுஷன்" என்கிறார் நாத்தான்.

இப்போது 1 நாளாகமம் 20ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அதே ரப்பா முற்றுகை, அதே தொடக்கம், தாவீது எருசலேமில் தங்கினார் என்ற அதே செய்தி. அடுத்து நகரம் பிடிபட்டுவிடுகிறது. நடுவில் பத்சேபாள் இல்லை, உரியா இல்லை, நாத்தானின் ஆட்டுக்குட்டி இல்லை. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய மக்களுக்காக, ஆலயத்தையும் தாவீதின் வம்சத்தையும் மையமாக வைத்து எழுதப்பட்ட நூல் அது என்று விளக்கவுரையாளர்கள் சொல்கிறார்கள். வாசகர்களுக்குச் சாமுவேலின் கதை ஏற்கெனவே தெரியும், ஆகவே மறைக்கும் நோக்கம் இல்லை என்றும் சொல்கிறார்கள். இருக்கட்டும். இரண்டு நூல்களும் ஒரே வேதாகமத்தில் இருக்கின்றன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் சபைகளின் நூற்றாண்டு மலர்களும் நினைவு மலர்களும் பெரும்பாலும் நாளாகமம் பாணியில்தான் எழுதப்படுகின்றன. ஏற்காட்டின் பழைய கல்லறைகளில் இருக்கும் வாசகங்களைப் படித்துப் பாருங்கள்: அன்புள்ள கணவர், உண்மையுள்ள ஊழியர். கல்லில் வேறு எதைச் செதுக்குவது என்று கேட்டால் பதில் இல்லைதான். ஆனால் சாமுவேல் பாணியில் ஒரு சபை மலரையாவது படித்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இரண்டு பாணிகளையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தவர் 1 இராஜாக்கள் 15ஆம் அதிகாரத்தை எழுதியவர். தாவீது தன் வாழ்நாளெல்லாம் கர்த்தர் சொன்னதை விட்டு விலகவில்லை என்று புகழ்ந்துவிட்டு, "உரியாவின் சங்கதி ஒன்று தவிர" என்று சேர்க்கிறார். புகழ்ச்சியைத் திரும்பப் பெறவில்லை. விதிவிலக்கையும் விழுங்கவில்லை. மத்தேயு நற்செய்தியின் வம்ச வரலாறும் அப்படித்தான். சாலொமோனின் தாயை அது பத்சேபாள் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "உரியாவின் மனைவியாயிருந்தவள்" என்கிறது. அத்தனை தலைமுறைகளுக்குப் பிறகும் இயேசுவின் வம்சப் பட்டியலில் உரியா நிற்கிறான்.

பழைய எழுத்தாளர்கள் இதை எப்படிப் படித்தார்கள்

400ஆம் ஆண்டை ஒட்டி, வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகர ஆயராக இருந்த அகஸ்டின், பழைய ஏற்பாட்டை நிராகரித்த மானிக்கேய மதத்தின் போதகர் ஃபாஸ்டஸுக்கு மறுப்பு எழுதினார். ஆபிரகாம் பொய் சொன்னான், தாவீது கொலை செய்தான், இப்படிப்பட்டவர்களைக் கொண்டாடும் பழைய ஏற்பாடு எதற்கு என்பது ஃபாஸ்டஸின் கேள்வி. வேதம் அவற்றைக் கொண்டாடவில்லை, பதிவு செய்கிறது என்பது அகஸ்டினின் பதில். கண்ணாடி எதிரில் நிற்பவரின் அழகையும் காட்டும், தழும்பையும் காட்டும். தாவீதை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது அவர் கண்டிப்பை ஏற்ற விதம் என்றும் எழுதினார். பெரியவர்களின் வீழ்ச்சியைப் படிக்கிறவர்கள் தங்கள் நல்லொழுக்கத்தைப் பற்றிப் பெருமைப்பட வேண்டாம் என்ற எச்சரிக்கையும் அவரிடம் உண்டு.

தாவீதை உதாரணமாகக் காட்டி ஒரு பேரரசரையே தவம் செய்யவைத்தவர் மிலான் நகர ஆயர் அம்புரோஸ். 390ஆம் ஆண்டு தெசலோனிக்கேயில் நடந்த கலவரத்தில் படைத் தளபதி கொல்லப்பட்டதற்காக, பேரரசர் தெயொடோசியுஸ் ஆணையால் அந்த நகரத்து மக்கள் கொத்துக் கொத்தாகக் கொல்லப்பட்டார்கள். தெயொடோசியுஸ் பக்தியுள்ள கிறிஸ்தவர். அம்புரோஸ் அவருக்குக் கடிதம் எழுதினார்: தாவீது அரசர் செய்ததைச் செய்ய வெட்கப்படாதீர்கள், பாவத்தை அறிக்கையிடுங்கள், அதுவரை உங்கள் முன்னிலையில் பலிபூசை நடத்த மாட்டேன். பேரரசர் அரச அணிகளைக் களைந்து வெளிப்படையாகத் தவம் செய்தார்.

"தாவீதே விழவில்லையா" என்ற வார்த்தை இங்கே யாருக்குப் பயன்பட்டது என்று பாருங்கள். அம்புரோஸ் அதைச் சொன்னது விழுந்தவரிடம், எழுந்து வந்து ஒப்புக்கொள்ளும்படி. நாம் அதைச் சொல்வது கேள்வி கேட்பவரிடம், வாயை மூடும்படி. நாத்தானின் கதையைத் தாவீதின் வக்கீல்கள் கையில் எடுத்துக்கொண்டது போல ஆகிவிட்டது.

அம்புரோஸோடு கதை முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 388இல், கல்லினிக்கும் என்ற ஊரில் கிறிஸ்தவர்கள் ஒரு யூத ஜெப ஆலயத்தை எரித்தபோது, அந்த ஊர் ஆயர் தம் செலவில் அதைக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று இதே தெயொடோசியுஸ் ஆணையிட்டார். அந்த நியாயமான ஆணையை வற்புறுத்தித் திரும்பப் பெறவைத்தவர் இதே அம்புரோஸ்.

தாவீதின் மனந்திரும்புதலாகப் படிக்கப்படும் 51ஆம் சங்கீதத்தில் ஒரு வரி விளக்கவுரையாளர்களை இன்றும் திணறடிக்கிறது: "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து". உரியாவுக்கு விரோதமாகச் செய்யவில்லையா? எல்லாப் பாவமும் இறுதியில் கடவுளுக்கு எதிரானது என்பதால் அப்படிச் சொன்னார் என்பார்கள் சிலர். அரசரைத் தண்டிக்கக்கூடிய நீதிபதி கடவுள் ஒருவரே என்பதால் என்பார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டும் முழுத் திருப்தி தரவில்லை. நாத்தானின் உவமையில் குற்றம் தெளிவாக ஏழைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் எதிரானது. அந்த உவமையில் ஆட்டுக்குட்டியின் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதையும், பத்சேபாளைக் குறை சொல்லும் பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் கவனிக்கலாம்.

அவர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா?

இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வட ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு கிடைத்தது. 303இல் பேரரசர் டயோக்ளீஷியன் தொடங்கிய துன்புறுத்தலில் சில ஆயர்கள் பயந்துபோய் வேதப் புத்தகங்களைப் படைவீரர்களிடம் ஒப்படைத்தார்கள். அப்படிப்பட்டவர்கள் கைவைத்து அபிஷேகம் செய்த ஆயர் செல்லுமா, அவர் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லுமா என்று சபை பிளந்தது. செல்லாது என்றவர்கள் டொனாட்டிஸ்டுகள் எனப்பட்டார்கள். அவர்களை நான் எளிதில் பழிக்க மாட்டேன். உயிரைக் கொடுத்தவர்களின் உறவினர்கள் அவர்களிடையே இருந்தார்கள்.

செல்லும் என்று வாதாடியவர்களில் முதன்மையானவர் மறுபடியும் அகஸ்டின். ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்து. ஊழியர் வெறும் வழி. கல் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் பாத்திக்குப் போகிறது, வாய்க்காலில் எதுவும் முளைப்பதில்லை, ஆனால் தோட்டம் விளைகிறது என்று அவர் எழுதினார். இந்தக் கருத்து கத்தோலிக்கர்களுக்கும், லூத்தரன்களின் 1530ஆம் ஆண்டு அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கைக்கும், ஆங்கிலிக்கன் திருச்சபையின் 39 விதிகளுக்கும் பொதுவானது. ஆகவே உங்களுக்குத் திருமணம் நடத்திவைத்த ஆயர் பின்னாளில் காணிக்கைப் பணத்தைக் கையாடினார் என்று தெரிந்தால் திருமணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் அந்த 39 விதிகளில் 26ஆவது விதியின் பிற்பகுதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. முற்பகுதி, ஊழியரின் தகுதியின்மை சாக்கிரமெந்தின் (ஞானஸ்நானம், நற்கருணை போன்ற திருச்சடங்கின்) பலனைக் கெடுக்காது என்கிறது. பிற்பகுதி, அப்படிப்பட்டவர்களைப் பற்றி விசாரணை நடக்க வேண்டும், குற்றம் தெரிந்தவர்கள் புகார் சொல்ல வேண்டும், குற்றவாளி என்று தெரிந்தால் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்கிறது. இரண்டாவது கேள்விக்கு ஆறுதலான பதிலைச் சொன்ன அதே விதி, மூன்றாவது கேள்விக்குக் கறாரான பதிலைச் சொல்கிறது. சேலத்துத் தென்னிந்தியத் திருச்சபைக்கு இதில் வேறொரு வழிவந்த சொத்தும் உண்டு. இங்கே 1827இல் வேலை தொடங்கியது லண்டன் மிஷனரி சங்கம். அது ஆங்கிலிக்கன் வழியைவிட, சபையார் கூடித் தங்கள் ஒழுங்கைத் தாங்களே கவனிக்கும் வழியைச் சேர்ந்தது. 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947இல் தென்னிந்தியத் திருச்சபை என்று அந்த ஓடை மற்றவற்றோடு கலந்தது. ஆயரின் கணக்கைச் சபையார் கேட்பது மரியாதைக் குறைவு என்று இன்று சொல்லும் பெரியவர்கள் தங்கள் சபையின் வேரையே மறந்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

"அந்தக் காலத்து மனிதர்தானே"

இனி கடினமான பகுதி. விழுந்தவர் தன் தவற்றைத் தவறு என்றே நினைக்காவிட்டால் என்ன செய்வது? தாவீது கண்டிக்கப்பட்டதும் ஒப்புக்கொண்டார். ஆனால் பலர் ஒப்புக்கொள்ளாமலே, நிம்மதியாக, மிகுந்த பக்தியோடு இறந்துபோனார்கள்.

அமெரிக்கக் குடியேற்றங்களில் 18ஆம் நூற்றாண்டின் பெரிய இறையியலாளர் ஜோனதன் எட்வர்ட்ஸ். அவர் 1731இல் நியூபோர்ட் துறைமுகத்தில் ஆப்பிரிக்கச் சிறுமி ஒருத்தியை விலை கொடுத்து வாங்கினார். அவருடைய காலத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு கேட்ட பிரசங்கியார் ஜார்ஜ் வைட்ஃபீல்ட். அடிமைகளைக் கொடுமைப்படுத்தும் எஜமானர்களை 1740இல் கண்டித்து எழுதிய அவரே, ஜார்ஜியாவில் அடிமை முறையைச் சட்டப்படி அனுமதிக்க வேண்டும் என்று பிறகு வாதாடினார். அங்கே அவர் நடத்திய அநாதை இல்லத்தின் நிலங்களில் அடிமைகள் உழைத்தார்கள். "அந்தக் காலம் அப்படி" என்று இவர்களுக்காகச் சொல்லப்படுவது வழக்கம்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: அந்தக் காலத்தில் வேறு மாதிரி சொன்ன கிறிஸ்தவர் யாராவது இருந்தார்களா? இருந்தார்கள். அமெரிக்காவின் ஜெர்மன்டவுனில் இருந்த குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1688இலேயே அடிமை முறைக்கு எதிராக எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். வைட்ஃபீல்டின் நண்பர் ஜான் வெஸ்லி 1774இல் கடுமையாக எழுதினார். எட்வர்ட்ஸின் மாணவர் சாமுவேல் ஹாப்கின்ஸ் எதிர்த்தார், சொந்த மகனும் எதிர்த்தார். காலம் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது.

ஜெனிவாவில் 1553இல் மிக்கேல் செர்வேட்டஸ் என்பவர் மதக் கோட்பாட்டுக் குற்றத்துக்காக எரிக்கப்பட்டதில் அந்த நகரத்தின் சீர்திருத்தத் தலைவர் ஜான் கால்வினுக்குப் பங்குண்டு. அங்கேயும் செபாஸ்டியன் காஸ்டெலியோ என்ற குரல் உடனே எழுந்தது: ஒரு மனிதனைக் கொல்வது ஒரு கோட்பாட்டைக் காப்பது ஆகாது, ஒரு மனிதனைக் கொல்வது மட்டுமே. சரியாக 350 ஆண்டுகள் கழித்து, 1903இல், கால்வினின் வழிவந்தவர்களே அந்த இடத்தில் ஒரு கல் நாட்டினார்கள். கால்வினின் நன்றியுள்ள பிள்ளைகளாகிய நாங்கள் அவருடைய நூற்றாண்டுக்குரிய ஒரு தவற்றைக் கண்டிக்கிறோம் என்று அதில் பொறித்தார்கள். தவற்றை நூற்றாண்டின் தலையில் கட்டியது பாதித் தப்பித்தல்தான். ஆனாலும் வழிவந்தவர்கள் தங்கள் கைக்காசு போட்டு அந்தக் கல்லை நாட்டினார்கள். கல்லறை வாசகங்களோடு ஒப்பிட்டால் அது பெரிய காரியம்.

அடிமை முறையும் ஜெனிவாவும் நமக்குத் தொலைவு. நம் வீட்டுக் கதை சாதி.

இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தே நோபிலி 1606இல் மதுரைக்கு வந்தவர். தமிழிலும் சமஸ்கிருதத்திலும் புலமை பெற்றவர். 1623இல் அவர் மேற்கொண்ட பயணத்தில் சேலத்துக்கும் வந்தார். தமிழரைத் தமிழராகவே கிறிஸ்தவராக்க முடியும் என்று காட்டியவர் என்று அவரைக் கத்தோலிக்க எழுத்தாளர்கள் போற்றுகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. பூணூலும் குடுமியும் கிறிஸ்தவருக்கு ஆகும் என்று அவருக்காக ரோமிலிருந்து அதே 1623இல் அனுமதி வந்தது. ஆனால் அந்த மதுரை மிஷனில் மேல்சாதியாருக்கு ஒருவகைக் குருவும், 1640 முதல் மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்ற வேறுவகைக் குருவும் என்று பிரிவு வந்தது. 1980களில் உருவான தலித் இறையியல், பண்பாட்டுக்கு மதிப்புக் கொடுத்ததாகச் சொல்லப்படும் இந்த வழி யாருடைய பண்பாட்டுக்கு மதிப்புக் கொடுத்தது என்று கேட்டது.

புராட்டஸ்டண்டு பக்கத்தில் இன்னும் நெருக்கமான உதாரணம் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் பிறந்து 1864இல் மறைந்தவர், மிஷனரி சுவார்ட்ஸின் மாணவர், சரபோஜி மன்னரோடு பழகியவர். அவர் பாடல்களைப் பாடாத தமிழ்ச் சபை இல்லை. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள், ஆலயத்தில் வெள்ளாளருக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் தனித்தனி இடம் இருந்ததை ஒழிக்க முயன்றார்கள். சாஸ்திரியார் அதை எதிர்த்து 1829இல் எழுதினார். அவருக்கு வேறு மனக்குறைகளும் இருந்தன என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், தமிழ்ப் பாடல்களைத் தடுக்கிறார்கள் என்ற குறைகள் அவை; அவற்றில் பல எனக்கு நியாயமாகப் படுகின்றன. ஐரோப்பியர் தங்களுக்குள் தரம் பார்ப்பதில்லையா என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. ஆனால் ஆலயத்தில் யார் எங்கே உட்காருவது என்ற விஷயத்தில் யாக்கோபின் நிருபம் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறது. மினுக்கான வஸ்திரம் உடுத்தியவனுக்கு நல்ல இடமும், ஏழைக்கு "அங்கே நில்லு" என்ற வார்த்தையும் கொடுப்பவர்களை அது கண்டிக்கிறது. சாஸ்திரியாருக்குத் தெரியாத வசனமா? 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபைக்குள் உடனடியாகவும் முற்றிலுமாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையில் பலர் ஆலயத்தை விட்டு வெளியேறினார்கள்.

இவர்களை எப்படிப் படிப்பது? முன்னோர்கள் தம் காலத்தைத் தாண்டிப் பார்க்க முடியாதவர்கள் என்று இரங்குவது ஒரு வழி. அப்படி இரங்கும்போது, அதே காலத்தில் தரையில் தனியே உட்காரவைக்கப்பட்ட கிறிஸ்தவருக்கு அது தவறு என்று தெரிந்தே இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். அவரும் அந்தக் காலத்து மனிதர்தான்.

நான்காவது கேள்வி

பழைய எழுத்தாளர்கள் விழுந்தவரின் ஆத்துமாவைப் பற்றி நிறைய எழுதினார்கள், சாக்கிரமெந்தைப் பற்றியும் பதவியைப் பற்றியும் எழுதினார்கள். உரியாவுக்கு, அதாவது தீங்குக்கு ஆளானவருக்கு, என்ன செய்வது என்று குறைவாகவே எழுதினார்கள். அண்மைக் காலத்தில் இது மாறியிருக்கிறது.

சென்னையில் பிறந்து உலகெங்கும் பேசிய ரவி சகரியாஸ் 2020 மே மாதம் இறந்தார். அவருடைய அமைப்பே நியமித்த வழக்கறிஞர்களின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளிவந்தது. அவர் பல ஆண்டுகளாகப் பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதை உறுதி செய்தது. முன்பே குற்றம் சாட்டிய ஒரு பெண்ணை அந்த அமைப்பு நம்பாமல் போயிருந்தது. பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டது. மனவளர்ச்சி குன்றியவர்களோடு சேர்ந்து வாழும் இல்லங்களை 1964இல் தொடங்கிய ஜான் வனியே, வாழும் புனிதர் என்றே எழுதப்பட்டவர். அவர் 2019இல் இறந்த பிறகு, அவர் தொடங்கிய அமைப்பே நடத்திய விசாரணையின் 2023ஆம் ஆண்டு அறிக்கை குறைந்தது 25 பெண்களைக் குறிப்பிட்டது. ஆன்மிக வழிகாட்டுதல் என்ற பெயரிலேயே அந்தத் தீங்கு நடந்திருந்தது. 590ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதிய திருத்தந்தை பெரிய கிரகோரியார், பரிசுத்தம் என்ற பெயரை வைத்துக்கொண்டு தீமை செய்பவரைவிடத் திருச்சபைக்குக் கேடு செய்பவர் இல்லை என்றார். அவர் நினைத்தது கெட்ட முன்மாதிரியை. இன்றைய எழுத்தாளர்கள் அந்தப் பெயர் எப்படிக் கருவியாகப் பயன்பட்டது என்பதையும், யார் மேல் பயன்பட்டது என்பதையும் கேட்கிறார்கள்.

இதை ஏற்காட்டில் ஒரு மே மாத வாலிபர் முகாமில் பேசியபோது, ஒரு கல்லூரி மாணவி கேட்டார்: "ஐயா, பாவமில்லாதவன் முதல் கல்லை எறியட்டும் என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே?" நல்ல கேள்வி. அந்தக் காட்சியில் நடுவில் நிற்பவள் விபசாரக் குற்றம் சாட்டப்பட்ட, யாரும் துணையில்லாத ஒரு பெண். சுற்றி நிற்பவர்கள் அதிகாரம் உள்ள ஆண்கள். கையில் நிஜக் கற்கள். அதே வசனத்தைப் பதவியில் இருப்பவரைக் காப்பாற்றவும் புகார் சொன்ன பெண்ணை வீட்டுக்கு அனுப்பவும் பயன்படுத்தினால் காட்சி தலைகீழாகிவிடுகிறது. "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாமலும்" என்ற வசனமும் அப்படித்தான். 105ஆம் சங்கீதத்தில் அது, கொஞ்சம் பேராக ஊர் ஊராய் அலைந்த பரதேசிகளைப் பற்றி அரசர்களிடம் சொல்லப்பட்டது. சவுலைக் கொல்ல மறுத்த தாவீதும், குகைக்கு வெளியே நின்று எல்லோரும் கேட்கச் சவுல் செய்த அநியாயத்தைச் சொல்லாமல் இருக்கவில்லை.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய ஒழுங்கில் இரண்டு பக்கமும் உண்டு. மூப்பருக்கு எதிரான பிராதை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கக்கூடாது. வீண்பழியிலிருந்து அது காக்கிறது. குற்றம் தெளிவானால் "எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்" என்கிறது அடுத்த வசனம். முதல் வசனம் நம் கமிட்டிக் கூட்டங்களில் நன்றாக மனப்பாடம். தனியறையில் நடக்கும் தீங்குக்கு இரண்டு சாட்சிகள் எங்கிருந்து வருவார்கள் என்பது இன்றைய எழுத்தாளர்கள் கேட்கும் கேள்வி. பல பெண்கள் தனித்தனியாக ஒரே விதமாகச் சொல்வதும் சாட்சிகள்தானே என்று அவர்களில் பலர் பதில் சொல்கிறார்கள். சட்டப்படி குற்றமானால் போலீசுக்குப் போக வேண்டியதுதான், அதைக் கமிட்டி தீர்மானிக்க வேண்டியதில்லை.

மனந்திரும்பியவர் மறுபடி பிரசங்கபீடம் ஏறலாமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. தன்னைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த சீடர் பேதுருவை இயேசு திரும்பவும் மேய்ப்பராக்கினாரே என்பார்கள். பேதுரு தன் கீழ் இருந்தவர்களை வேட்டையாடவில்லை என்று பதில் வரும். 19ஆம் நூற்றாண்டு லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன், ஜான் ஏஞ்சல் ஜேம்ஸ் என்பவரின் வார்த்தையை எடுத்துக்காட்டித் தம் மாணவர்களிடம் சொன்னார்: பாவம் எவ்வளவு ஊரறிந்ததோ மனந்திரும்புதலும் அவ்வளவு ஊரறியும் வரை அவர் வாய் திறக்க வேண்டாம். நான் அந்தப் பக்கம். (இதே ஸ்பர்ஜன் சுருட்டுப் பிடித்ததற்காக 1874இல் பெரிய சர்ச்சையில் சிக்கினார். ஒழுக்கக்கேடு என்ற பட்டியலில் எதையெல்லாம் சேர்ப்பது என்று சண்டை போட்டே காலம் கழித்த சபைகளும் உண்டு.)

கடைசியாக நூல்கள். சகரியாஸின் நூல்களை அவருடைய முதன்மைப் பதிப்பகம் நிறுத்திவிட்டது. வன்முறையின்மையைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற மெனோனைட் இறையியலாளர் ஜான் ஹோவர்ட் யோடர், பல பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியவர், 1997இல் இறந்தார். அவருடைய சபையைச் சேர்ந்த பதிப்பகம் நூல்களை நிறுத்தவில்லை. அவர் செய்ததைச் சொல்லும் குறிப்பு ஒன்றை நூல்களில் சேர்க்க 2013இல் முடிவு செய்தது. 1 இராஜாக்களை எழுதியவர் ஒரு பதிப்பகம் நடத்தியிருந்தால் இப்படித்தான் செய்திருப்பார்.

நம் பாமாலைப் புத்தகங்களில் பாடலாசிரியர்களைப் பற்றிச் சிறு குறிப்பு சேர்ப்பது உண்டு. சாஸ்திரியாரின் பெயருக்குக் கீழே, அவர் பாடல்களின் சிறப்போடு, 1829இல் ஆலயத்தில் சாதி இருக்கைகளுக்காக வாதாடினார் என்று ஒரு வரி சேர்க்கலாம் என்று நான் எங்கள் வேதபாட வகுப்பில் சொன்னேன். மூத்தவர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. பாட்டு பாடும் இடத்தில் அது எதற்கு, வரலாற்றுப் புத்தகத்தில் இருந்தால் போதாதா என்றார். பின்வரிசையில் இருந்த இன்னொருவர், என் தாத்தாவைக் கேட்டிருந்தால் அந்த ஒரு வரியைப் பாட்டுக்கு மேலேயே போடச் சொல்லியிருப்பார் என்றார். மணி எட்டரை ஆகிவிட்டதால் பேதுருவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தோம்.